குதிரையின் படமும் குதிரையின் மீசையும்

2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவின் காபில் அம்பாக் தங்கம் வென்றார். ரோசன்ஸ்டோல்ஸ் என்ற குதிரையின் மேல் அமர்ந்து, இசைக்கு ஏற்ப அதை நடக்கவும் ஆடவும் வைத்ததற்காகக் கிடைத்த பதக்கம் அது. இந்த விளையாட்டுக்கு டிரெஸ்ஸாஜ் என்று பெயர். 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள திடலில் குதிரை செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை புள்ளி போடுவார்கள். காபில் பெற்றது 75.780 விழுக்காடு.

இத்தகைய குதிரை பெரும்பாலும் ஒரு நாட்டில் வளர்ந்து வேறு நாட்டில் விற்கப்படும். வாங்குபவர் முதலில் பார்ப்பது அதன் படத்தைத்தான். அந்தப் படத்தில் எவ்வளவு குதிரை இருக்கிறது, எவ்வளவு ஒளியியல் இருக்கிறது?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தஞ்சோங் மாலிமில் இருப்பவர் இதற்காக ஈப்போ குதிரைப் பந்தயத் திடல் வரை போக வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் போதும். அதன் முன்சக்கரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்று கைப்பேசியில் படம் எடுங்கள். வண்டியின் நீளம் சுமார் 2 மீட்டர் என்றால் பின்பக்கம் உங்களிடமிருந்து 3 மீட்டரில் இருக்கும். தூரம் மூன்று மடங்கானால் உருவம் மூன்றில் ஒரு பங்காகும். அதனால் முன்சக்கரம் பூதம் போலவும் பின்சக்கரம் பொம்மை போலவும் தெரியும். இப்போது 10 மீட்டர் பின்னால் போய், ஜூம் செய்து எடுங்கள். தூரங்கள் 10, 12 மீட்டர். வித்தியாசம் 1.2 மடங்குதான். உருவத்தின் அளவு விகிதத்தை மாற்றுவது ஜூம் அல்ல, நீங்கள் நிற்கும் தூரம்.

குதிரையிலும் இதே கதைதான். கிட்டே நின்று முன்பக்கமாக எடுத்தால் பெரிய தலையும் சின்னப் பின்புறமும் கொண்ட விநோத விலங்கு கிடைக்கும். எனவே தெரிந்தவர்கள் பக்கவாட்டில், தள்ளி நின்று, காமிராவைக் குதிரையின் வயிற்று மட்டத்துக்கு இறக்கி எடுப்பார்கள். நான்கு கால்களும் தனித்தனியே தெரியும்படி அதை நிறுத்துவார்கள். மேலே தூக்கிப் பிடித்து எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும்.

பளபளப்புக்கும் காரணம் உண்டு. ரப்பர் சீப்பால் தேய்க்கும்போது அழுக்கு வெளியேறும். தோலில் சுரக்கும் எண்ணெய் ரோமம் முழுவதும் பரவும். ரோமங்கள் ஒரே திசையில் படிந்தால் ஒளி கண்ணாடியில் படுவதுபோல் ஒரே பக்கம் பிரதிபலிக்கும். கலைந்த ரோமத்தில் அது நாலா பக்கமும் சிதறி மங்கலாகிவிடும்.

காதுகள் முன்னோக்கி நின்றால்தான் குதிரை சுறுசுறுப்பாகத் தெரியும். அதற்காக உதவியாளர் ஒருவர் பிளாஸ்டிக் பையைக் கசக்கிச் சத்தம் எழுப்புவார். இரண்டு மூன்று முறைதான் இது பலிக்கும். ஆபத்தில்லாத சத்தம் என்று தெரிந்துவிட்டால் குதிரை அதைச் சட்டை செய்யாது. இதைப் பழகிப்போதல் என்று உயிரியலில் சொல்வார்கள். காலாண்டுத் தேர்வு அறிவிப்பைப் பத்தாவது முறை கேட்கும் மாணவரைப் போல!

ஓடும் குதிரையை எடுப்பது இன்னும் சிக்கல். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகும் குதிரை, 50-இல் ஒரு விநாடிக்குள் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் குழம்பும். 1000-இல் ஒரு விநாடியில் 4 மில்லிமீட்டர்தான் நகரும். இந்தக் கணக்கு கைகூடுவதற்கு முன், பாயும் குதிரையை ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டியபடி வரைந்தார்கள். 1878 ஜூனில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்துப் பாய்ச்சலைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அப்போது கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. அத்தனை ஓவியர்களின் கண்களும் ஏமாந்திருந்தன.

இன்று விற்பவருக்கு அதே வித்தை கை கொடுக்கிறது. நூறு படம் எடுத்து, கால் மிக அழகாக உயர்ந்த ஒன்றை மட்டும் காட்டலாம். சுமாரான நடைக்கும் நல்ல கணம் ஒன்று இருக்கத்தானே செய்யும்? போட்டித் திடலில் அது நடக்காது. அங்கே தாளம் தவறாமல் அதே அடியைத் திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையிலும் குதிரையை நேரில் நடக்கவிட்டுப் பார்க்கலாம். படத்தைவிட இவற்றையே நான் நம்புவேன்.

ஆனால் படத்திலும் திடலிலும் ஒருசேர நடந்த ஒரு தவறு உண்டு. முகம் வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்று குதிரையின் வாயையும் கண்ணையும் சுற்றியுள்ள நீண்ட மீசை முடிகளை மழித்துவிடுவார்கள். அவை சாதாரண முடிகள் அல்ல. ஒவ்வொன்றின் வேரும் நரம்புகளால் சூழப்பட்டிருக்கிறது. குதிரைக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்க முடியும். தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதை மட்டும் பார்க்க முடியாது. வாளியின் விளிம்பு எங்கே, புல்லுக்கிடையே முள் எங்கே என்று அதற்குச் சொல்வது இந்த மீசைதான்.

பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலை 1 முதல் இதைத் தடை செய்தது. மருத்துவக் காரணமின்றி இந்த முடிகளை நீக்கிய குதிரை அதன் போட்டிகளில் இறங்க முடியாது. ஜெர்மனியில் அதற்கு முன்பே தடை இருந்தது. சம்மேளனத்தின் விதிக்குள் வராத உள்ளூர் அழகுக் காட்சிகளுக்கு அந்தந்த நாடும் அமைப்புமே விதி வகுக்கின்றன. ஆகவே குதிரையின் விளம்பரப் படம் ஒன்று உங்கள் கைப்பேசிக்கு வந்தால், பளபளப்பைப் பார்த்த பிறகு, அதன் வாயோரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.