விரால் மீனுக்கு இரை பழக்குதல்

கிணற்றையும் புன்செய்ப் பயிரையும் நம்பி வாழும் கொங்கு நாட்டில் மீனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சில குடியானவர்கள் கேட்கக்கூடும். 1887ஆம் வருஷம் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றிய விவர நூலை எழுதிய சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் என்பவரே, பிற்பாடு 1907இல் சென்னை மாகாண மீன் இலாகாவுக்கு வித்திட்டவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். இன்றோ, நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டியிருப்போர் நம்மில் பலர். கட்லா, ரோகு மீன்களைவிட விராலுக்கு விலை அதிகம் என்று கேள்வியுற்றுக் குஞ்சு வாங்கி விட்டுக் கைம்முதலை இழந்தவர்களும் உண்டு. ஆயிரம் குஞ்சு விட்ட குட்டையில் சில மாதங்களுக்குப் பின் கொழுத்த மீன் சிலவே மிஞ்சியிருக்கும். மற்றவை எங்கே போயின என்றால், அந்தச் சில மீன்களின் வயிற்றிலேதான்.

விரால் தவிட்டையும் பிண்ணாக்கையும் தின்று வளரும் ஜாதியன்று. அசைந்தோடும் பொருளையே அது இரையென்று அறியும். அசையாமல் கிடக்கும் தீனி எவ்வளவு சத்துள்ளதாயினும் அதற்குக் கல்லும் மண்ணும் போலத்தான். வீட்டில் கண்ணாடித் தொட்டியில் கடல் நீர் நிரப்பிப் பவளப்பாறை மீன்களை வளர்ப்போருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். மாண்டரின் என்னும் அழகிய மீன், உயிருள்ள மிகச் சிறு பூச்சிகளையே பொறுக்கித் தின்னும். காய்ந்த தீனியை எதிரே போட்டாலும் பெரும்பாலும் தீண்டாமல் மெலிந்து மடியும். விராலோ பட்டினி கிடப்பதோடு நில்லாமல் தன் உடன்பிறப்பையே விழுங்கத் தொடங்கும்.

ஆகையால் இரை பழக்கும் வேலையைக் குஞ்சுப் பருவத்திலேயே செய்துவிட வேண்டும். குளத்தில் பிடித்த விரல் நீளக் குஞ்சு உயிரிரையின் ருசி கண்டது; அதைத் திருப்புவது மிகுந்த பிரயாசை. பொரித்த குஞ்சு முதல் இரண்டு மூன்று நாட்கள் தன் மஞ்சட்கருவைக் கொண்டே வாழும். அதன் பின் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் மிதவை உயிர்கள் வேண்டும். இதற்கெனத் தனித் தொட்டியில் சாணமும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும் சிறிதளவு கரைத்து வெயிலில் விட்டால், நீர் பச்சை பூத்துச் சில நாட்களில் வெண்புள்ளி போல் துள்ளும் உயிர்கள் பெருகும். அவற்றை மெல்லிய துணியால் வடித்து எடுத்து, நாளொன்றுக்கு நான்கைந்து வேளை இடலாம். சாணக் கரைசலையே குஞ்சுத் தொட்டியில் ஊற்றுவது பெரும் பிழை.

மூன்றாவது வாரத்தில் பழக்கம் தொடங்கலாம். முள் நீக்கிய புது மீன் சதையை நன்றாய் அரைத்து, அதில் பத்தில் ஒரு பங்கு தூளாக்கிய மீன் தீனியைக் கலந்து பிசைந்து, ஒரு தட்டில் அப்பி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிட வேண்டும். வேளையும் இடமும் மாறலாகாது. முதல் இரண்டு நாட்கள் குஞ்சுகள் அணுகாமற் போனால் பயந்து உயிரிரையை முழு அளவில் கொடுத்துவிடாதீர்கள். அதைக் குறைத்துப் பசியை வைத்திருங்கள். ஒன்றிரண்டு கொத்தத் தொடங்கினால் மற்றவை பார்த்துப் பின்தொடரும். மூன்று நாட்களுக்கொரு முறை சதையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துத் தூளை அவ்வளவு கூட்டிவந்தால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் மிதக்கும் குருணைத் தீனியை மட்டுமே ஏற்கும். அந்தத் தீனியில் புரதம் நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாதிருத்தல் நலம். தின்னாது எஞ்சியதை அரைமணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

இக்காலமெல்லாம் வாரம் ஒரு முறையேனும் குஞ்சுகளைப் பருமன் வாரியாகப் பிரிப்பது இன்றியமையாதது. சோம்பலால் இதைத் தள்ளிப்போடுவோரே அதிகம் இழக்கிறார்கள். குஞ்சு வாங்குவோரும், இவை குருணைத் தீனிக்குப் பழகியவைதாமா என்று விற்பவர் சொல்லைக் கேட்பதோடு நில்லாமல், எதிரே தீனி போடச் சொல்லிக் கண்ணால் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

பழக்குவானேன், பொடிமீனை விலைக்கு வாங்கியே போடலாமே என்பர் சிலர். ஒரு கிலோ விரால் விளைய அதைப்போல் பன்மடங்கு பொடிமீன் செலவாகும். கம்போடியா தேசத்தில் இவ்வாறு ஏழைகளின் உணவான சிறு மீன்கள் தீனிக்காக வாரப்பட்டமையால், 2004இல் விரால் வளர்ப்பையே அரசாங்கம் தடுத்தது. 2016இல்தான் தடை நீங்கியது. அண்டை நாடான வியட்நாமில் குருணைத் தீனிக்குப் பழக்கும் முறையை ஆராய்ந்து பண்ணைகளில் பரப்பினர். கோழிக் கழிவைக் குட்டையில் கொட்டுவதோ நீரைக் கெடுத்து நோயை வரவழைக்கும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் குளத்தின் ஓரத்தில் செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீந்தக் காணலாம். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அவ்வேளையில் பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்துவிட்டால், காவலற்ற குஞ்சுகள் தவளைக்கும் பாம்புக்கும் பிற மீனுக்கும் இரையாகும். ஊரார்க்கு இதை எடுத்துச் சொல்லி, குஞ்சுகள் பிரிந்து போகும்வரை அவ்விடத்தில் தூண்டிலும் வலையும் இடாதிருக்கச் செய்வது அவர்களால் கூடும்.

விரால் மேலே வந்து காற்றை உட்கொள்ளும் மீனாதலால் குட்டையைப் பாசியும் ஆகாயத் தாமரையும் முழுதும் மூடவிடலாகாது. மழை இரவில் கரையேறி ஊர்ந்து போவதும் அதன் வழக்கம். சுற்றிலும் வலை கட்டியபின் குஞ்சு விடுக.