கடற்பாறையில் படர்வது பாசியா?

கிள்ளான் கடற்கரை பெரும்பாலும் சேறும் அலையாத்திக் காடுமேயாகும். ஷா ஆலம் மாணவர் பாறைக் கரையைக் காண விரும்பின் போர்ட்டிக்சன் வரை செல்லுதல் வேண்டும். அங்கே அலை எட்டாத பாறையின்மேல் படர்ந்த சாம்பல்நிறப் படையைப் "பாசி" என்று ஏட்டில் குறித்தால், பிழை அங்கேயே தொடங்கிவிடும்.

அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிர். (செட்டிநாட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசியும் லைக்கனே!) சுவிட்சர்லாந்து அறிஞர் சுவெண்டனர் 1867-இல் இவ்வுண்மையை வெளியிட்டபோது வன்மையாக மறுத்தவர்களுள் ஒருவர் பின்லாந்து அறிஞர் நைலாந்தர். ஆயினும், இனங்காண்பதற்கு இன்றும் கையாளப்படும் சோதனை அவர் 1866-இல் காட்டியதே: சலவைத்தூள் கரைசலை ஒரு துளி இட்டு நிறமாற்றத்தை நோக்குவது. தமிழ்நாட்டுக் கடலோர மரங்களில் வளரும் ரொசெல்லா மொந்தாஞ்ஞி அத்துளி பட்டதும் சிவக்கும். லிட்மஸ் சாயம் எடுக்கப் பயன்பட்டதும் இந்த ரொசெல்லா குலமே.

பெயர் காண்பதினும் குறிப்பெழுதுவதே முதன்மையானது. ஐரோப்பியக் கடற்பாறைகளில் தார் பூசினாற்போல் படிந்து, எண்ணெய்க் கறையோ என மயங்கவைக்கும் இனம் நெடுநாள் வெருக்காரியா மௌரா எனப்பட்டது. 2009-இல் ஹைட்ரோபங்டேரியா மௌரா ஆயிற்று. பெயர் மாறினும், இன்ன நாளில், இன்ன பாறையில், உயர் அலைக்கோட்டுக்கு இத்தனை மீட்டர் மேலே இருந்தது என்னும் குறிப்பு மாறாது. கப்பல் எண்ணெய் கரை சேர்ந்தால் எது புதுக்கறை, எது பழைய லைக்கன் என்று தீர்க்க அக்குறிப்பே சான்று.

படையாக ஒட்டிய இனத்தைப் பாறையைப் பெயர்க்காமல் எடுக்க இயலாது. அளவுகோலை அருகே வைத்துப் படம் பிடித்தலே நன்று.