பாயைப் போட்டுக் கீழே படுத்துப் பாருங்கள்

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஆடம்பரப் பொருள் இல்லை. தார்ச்சாலை ஓர் இடத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே தோட்டம் வரைக்கும் செம்மண் பாதைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதை வழுக்குப் பாறையும் சேறுமாகிவிடும். மழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போதே பழம் பறிப்பு ஆரம்பித்துவிடும். பறித்த பழத்தைத் தாமதிக்காமல் தோல் உரிக்கும் பல்ப்பரில் போடாவிட்டால் மூட்டையிலேயே புளிக்கத் தொடங்கும், தரம் போய்விடும். தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பதில்லை. நாலு சக்கரம் இழுக்கும் புது வண்டி பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்களுக்கு இருக்கும் ஒரே வழி, பழைய வண்டி ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவது.

நான் எடுத்தது பழைய மாருதி ஜிப்சி. அதைத் தேற்றிய அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. காட்டுப்பாதையில் ஏறும் திறனை நாம் காசு போட்டு வண்டிக்குள் புதிதாகப் புகுத்த வேண்டியதில்லை. அதைத் தொழிற்சாலையே கொடுத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் துருவும் தேய்மானமும் தின்றதை மீட்டுக் கொடுத்தாலே போதும். காசு போகவேண்டிய வரிசையும் அதுதான்: முதலில் அடிப்பாகம், பிறகு பிரேக்கும் ஸ்டியரிங்கும், பிறகு டயர். கண்ணுக்குத் தெரிகிற அலங்காரம் எல்லாம் கடைசியில், அதுவும் காசு மிஞ்சினால்.

எந்த வண்டி, ஏன்?

எங்கள் மலையில் மகிந்திரா ஜீப்புகள் அதிகம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள் அவை. 1980-களில் வந்த எம்.எம். 540, பியூஜோ டீசல் இன்ஜினோடு இன்றைக்கும் மூட்டை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. பாரம் அதிகமாக அடிப்பவர்களுக்கு டீசல் ஜீப்தான் பொருத்தம்.

ஜிப்சி வேறு ரகம். ஜப்பானில் சுசுகி 1981-ல் கொண்டுவந்த எஸ்.ஜே. 410-ன் நீளமான வடிவம்தான் 1985 இறுதியில் இங்கே ஜிப்சியாக வந்தது. முதலில் 970 சி.சி. இன்ஜின். 1996-ல் 1,298 சி.சி. இன்ஜினோடு ஜிப்சி கிங் வந்தது. 2000-ல் அதே சி.சி. அளவில், கார்புரேட்டர் போய் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வந்து, திறன் 80 குதிரைசக்தியானது. ராணுவமும் காவல்துறையும் வனத்துறையும் விரும்பி வாங்கிய வண்டி. இதன் பெரிய பலம் எடை குறைவு. திறந்த மாடல் ஒரு டன்னுக்குள் அடங்கிவிடும். சேற்றில் கனமான வண்டி புதையும். ஜிப்சி மேலேயே மிதந்து போய்விடும். எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் எஸ்டீம் காரில் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், இன்ஜின் பாகங்களுக்குக் கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் வழி கிடைக்கும்.

துருவைத் தேடுங்கள்

வத்தலக்குண்டில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் வாங்குவதற்கு முன்பே சொன்னார்: "மேல மினுக்குறதப் பார்த்து மயங்காத தம்பி. பாயப் போட்டுக் கீழ படு."

இன்ஜின் போனால் வேறு இன்ஜின் கிடைக்கும், கியர் பாக்ஸும் கிடைக்கும். சேஸ் போனால் வண்டியே போயிற்று. அதனால் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத் துண்டு, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உள்ளே துருவேறிய இடம் 'பொத்' என்று அடங்கிப்போகும். பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேஸில் மாட்டியிருக்கும் இடம், பாடி உட்காரும் ரப்பர்களைச் சுற்றிய இடம், பெட்ரோல் டாங்கைத் தாங்கும் பட்டி, டிரைவர் கால் வைக்கும் தரை, கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி ஆகியவை ஜிப்சி வழக்கமாக அரித்துப்போகும் இடங்கள். பாடியில் காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, வெறும் பட்டிதான் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். புதுப் பூச்சு பல ஓட்டைகளை மூடும்.

சின்னச் சின்ன அரிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். துருவின் மேலேயே தகடு ஒட்டுகிற வேலை ஒரு மழைக்கும் தாங்காது. வெல்டிங்குக்கு முன்பு பேட்டரி இணைப்பையும் பெட்ரோல் டாங்கையும் கழற்றியே ஆகவேண்டும். இதில் சமரசம் கூடாது. வேலை முடிந்ததும் சேஸில் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள். துருவுக்கு முதல் காரணம் மழை இல்லை, உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லாததுதான். கழிவு ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர்களைக் கெடுக்கும், ஓடைத் தண்ணீரிலும் கலக்கும். உட்குழிக்கென்று விற்கும் மெழுகுப் பூச்சு சற்று விலை கூடினாலும் அதுதான் சரி.

முன்சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?

பழைய ஜிப்சியை ஓட்டிப் பார்க்கும்போது ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் பயங்கரமாக உதறுவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். டயரைக் குறை சொல்வார்கள், அலைன்மென்ட் பார்ப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டியரிங்குக்குத் தனியாக ஒரு ஷாக் மாட்டுவார்கள். நோய் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

முன் ஆக்ஸிலின் இரு முனையிலும் இரும்பு உருண்டை ஒன்று இருக்கும். சக்கரம் இடவலமாகத் திரும்புவது அதைச் சுற்றித்தான். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிங்பின் பேரிங்குகள் அதைத் தாங்குகின்றன. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியை ஒரு கையாலும் அடியை ஒரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங்கோ கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். அப்போதும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் கிங்பின்தான்.

அண்ணன் என் வண்டியின் முன்சக்கரத்தைப் பிரித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உருண்டையைச் சுற்றி ஈரமான கறுப்புக் குழம்பு வழிந்திருந்தது. அதை விரலில் தொட்டு நசுக்கிப் பார்த்தவர், "இது வெறும் கிரீஸ் இல்ல. உள் ஆயில் சீல் போயிருக்கு, கிரவுன் ஆயில் இங்க வந்து கிரீஸைக் கரைச்சிருக்கு" என்றார். அப்படிக் கரைந்தால் உள்ளே சுழலும் ஜாயின்ட் கிரீஸ் இல்லாமல் தேயும். எல்லாவற்றையும் கழுவி, புது சீலும் பேரிங்கும் போட்டார். அடுத்து வந்ததுதான் நுணுக்கமான வேலை. காகிதம்போல் மெல்லிய ஷிம் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்தும் எடுத்தும், கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஷிம் கூடுதலாக இருந்தால் தளர்ச்சி, குறைந்தால் இறுக்கம். சிக்காமலும் தொளதொளக்காமலும் ஒரே சீராகத் திரும்பும் அளவு வந்தபிறகே மூடினார். ஒரு நாள் முழுக்க அதற்கே போனது. பேரிங்குக்கும் சீலுக்கும் ஆன காசு, ஒரு டயரின் விலையைவிடக் குறைவு.

இதே வரிசையில் பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் எல்லாவற்றையும் பாருங்கள். ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் இலை சேர்க்க ஆசைப்படாதீர்கள். ஏற்கெனவே விறைப்பான வண்டி, இன்னும் விறைத்தால் சக்கரம் மேடுபள்ளத்தில் தரையை விட்டுத் தூக்கும். தூக்கிய சக்கரம் இழுக்காது. பட்டையைப் பிரித்து, துரு தேய்த்து, பட்டறையில் வளைவை மீட்டு, புது புஷ் போட்டாலே வண்டி இழந்த உயரம் திரும்பிவிடும்.

மலையில் லோ கியரில் ஊரும்போது காற்றோட்டம் குறைவு, இன்ஜின் சூடு அதிகம். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுங்கள். தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போட்டுவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அதைச் செய்யவிடாதீர்கள். சரியான சூட்டில் ஓடாத இன்ஜின் பெட்ரோலைத் தின்னும், சீக்கிரமும் தேயும்.

டயரும் ரப்பர் குழாயும்

ஜிப்சி கிங்குக்குக் கம்பெனி கொடுத்த டயர் 205/70 ஆர் 15. பலர் போடுவது 215/75 ஆர் 15. கணக்குப் போட்டால் முதலாவதன் விட்டம் 668 மில்லிமீட்டர், இரண்டாவது சுமார் 703. பாதி வித்தியாசம், அதாவது பதினெட்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஆக்ஸில் உயரும். சஸ்பென்ஷனை மட்டும் தூக்கினால் பாடிதான் உயரும். ஆக்ஸிலில் கிரவுன் பற்சக்கரத்தை மூடியிருக்கும், கல்லில் இடிக்கிற உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. இந்த டயரைப் போட்டால் வேகமானி ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

சேற்றுப் பாதைக்கு முன்னால் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படியும், பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். அதற்கு பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று போதும்.

ஓடை கடப்பவர்களுக்கு இன்னொரு சிக்கனமான வேலை. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மேலே உள்ள மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரவுன் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருந்தால் இதுதான் காரணம். மூச்சுத்துளையில் ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது. சில நூறு ரூபாய் செலவு, பல ஆயிரம் மிச்சம்.

விளக்குக்கும் அதே சிக்கன வழிதான். கூரையில் வரிசையாக விளக்குக் கட்டை மாட்டாமல், இருக்கும் ஹெட்லைட்டுக்கு ரிலேயும் தடித்த ஒயரும் போடுங்கள். பழைய ஒயரிங்கில் வீணாகிற மின்னழுத்தம் முழுதாக பல்புக்குப் போகும், வெளிச்சம் கண்கூடாகக் கூடும்.

வின்ச் விலையும் அதிகம், மூக்கில் எடையும் அதிகம். சேஸில் உறுதியான கொக்கி, நல்ல இழுவைப் பட்டை, ஒரு மண்வெட்டி, கூட இன்னொரு வண்டி இருந்தால் எங்கள் பாதைக்குப் போதும். சங்கிலியும் இரும்புக் கம்பியும் வேண்டாம். அறுந்தால் உயிரை எடுக்கும்.

லோ கியர் என்ன செய்கிறது?

ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில் போட்டால், ஹையைவிடச் சக்கரத்தில் இழுவிசை ஏறத்தாழ 1.6 மடங்கு கூடும், வேகம் அதே அளவு குறையும். அவசரமில்லாமல் ஊர்வதற்குத்தான் அது. இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் முதல் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். காய்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கர இழுப்பைப் போடக்கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும். நடுவில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால் கியர்களும் ஷாஃப்ட்டும் முறுக்கிக்கொள்ளும்.

காகிதமும் சட்டமும்

விலை மலிவு என்று வெளிமாநில வண்டிக்குப் பாயாதீர்கள். டெல்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை உத்தரவு வந்தபின் அங்கிருந்து பல வண்டிகள் தெற்கே வந்தன. தடையின்மைச் சான்று, இங்கே கட்டவேண்டிய வரி, சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போவது எல்லாவற்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஏலத்தில் வந்த ராணுவ வண்டிக்கும் இதே விதிதான். 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது; உங்கள் வண்டியின் வயதுக்கு இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பசுமை வரி தனி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சேஸை வெட்டுவது, பாடியைத் தூக்குவது, முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுவது எல்லாம் எஃப்.சி.யிலும் விபத்துக்குப் பிறகு காப்பீட்டிலும் சிக்கலைக் கொண்டுவரும். டயர் அளவு மாற்றும் முன்பும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த காசில் தேற்ற நினைப்பவருக்கு இந்தச் சட்டம் இடைஞ்சல் இல்லை. இருந்ததை இருந்தபடி மீட்பதே மலிவு, அதுவே பாதுகாப்பும்.

கடைசியாகக் கணக்கு

கையில் உள்ள மொத்தப் பணத்தையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கும் விலையில் பாதியாவது தனியே இருக்கட்டும். அதில் பெரும்பகுதி வெல்டிங்குக்கும் பிரேக்குக்கும் முன் ஆக்ஸிலுக்கும் போகும், அடுத்து டயருக்கு. ஒரு பங்கை முதல் வருடத்துக்கென்று தொடாமல் வைத்திருங்கள். நீண்டகாலம் நின்ற வண்டி ஓட ஓடத்தான் மற்ற குறைகளைக் காட்டும்.

பொருளில் சிக்கனம் பிடிக்கலாம். புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கலாம், பழைய பாகத்தைச் சுத்தம் செய்து மாட்டலாம். கூலியில் மட்டும் பிடிக்காதீர்கள். ஷிம் தகட்டைக் கையால் உணர்ந்து வைக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். கம்ப்யூட்டரை மாட்டிப் பழுது பார்க்கும் காலத்தில் அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வருவதில்லை. அந்தப் பழைய மெக்கானிக்குகள் இருக்கும்வரைதான் இந்த வண்டிகளும் மலை ஏறும். அவர்கள் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்ளுங்கள். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அதைவிட லாபமான முதலீடு இல்லை.