நாடகம் படிக்கவும் பட்டம் வேண்டும்

மோதி பாக் தமிழ்ப் பள்ளி மேடையில் கைதட்டல் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் நாடகமே படிப்பேன் என்றால் குமாஸ்தா வீட்டில் கலவரம்தான். மண்டி ஹவுஸ் அருகே தேசிய நாடகப் பள்ளி இருக்கிறதே என்று வாதாடும். 1959-ல் தோன்றிய அப்பள்ளியோ பிளஸ் டூ முடித்தவரைச் சேர்ப்பதில்லை. ஏதாவதொரு பட்டம், மேடை அனுபவம், இந்தி, ஆங்கிலம் நான்கும் வேண்டும். தில்லியில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தி ஒரு பொருட்டா?

படிப்பு மூன்றாண்டு. சேர்ந்தவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அப்பாவுக்கு இதை முதலில் சொல்வது நல்லது!

இளங்கலையிலேயே நாடகம் என்றால் பரோடாவுக்கோ, கல்கத்தா ரவீந்திர பாரதிக்கோ ரயிலேறலாம். செலவுக்கு அஞ்சுவோர் பக்கத்துக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்து, அங்குள்ள நாடகக் குழுவில் பழகலாம். தில்லிப் பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம், பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியரானார்.