துளைபடாத தாள்

பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இத்தாலி நாட்டுத் தேவாலயச் சுவர்களில் திருவுருவங்களைத் தீட்டிய ஓவியர், எடுத்த எடுப்பிலேயே சுவரில் எழுதத் தொடங்கினாரல்லர். சுண்ணச்சாந்தின் ஈரம் புலருமுன் வண்ணம் ஏறிவிடல் வேண்டும். புலர்ந்தபின் திருத்துதல் அரிது. ஆதலின் பிழைகளையெல்லாம் முன்னரே தாளிற் செய்து தீர்த்துக்கொண்டனர். உரோமாபுரியின் சிஸ்டைன் ஆலய விதானத்தை 1508 முதல் 1512 வரை தீட்டிய மைக்கலாஞ்சலோ, நிமித்தம் உரைக்கும் லிபிய நாட்டு மங்கையை எழுதுதற்கு, முதலில் ஓர் ஆடவனை அமர்த்திச் செந்நிறச் சுண்ணக்கோலால் அவன் முதுகின் தசைகளை வரைந்தார். கால்விரல்களை அதே தாளில் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்திருக்கிறார்.

இம்முயற்சிகளின் முடிவில் அமைவது ‘கார்ட்டூன்’. இன்று கேலிச்சித்திரத்தைக் குறிக்கும் இச்சொல், பெரிய தாள் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. பல தாள்களை ஒட்டி, ஓவியத்தின் முழு அளவிலேயே உருவங்களை வரைவர். கோடுகளின் வழியே ஊசியால் துளையிட்டுச் சுவரிற் பொருத்திக் கரித்தூள் முடிந்த துணியால் மெல்லத் தட்டுவர். தாளை நீக்கினால் சுவரில் புள்ளிவரிசை நிற்கும். ஒரு நாளைய வேலைக்கு வேண்டிய சாந்தே பூசப்படுமாதலின், தாளையும் துண்டாக்குவதுண்டு. இவ்வாறு துளைபட்டும் கிழிந்தும் நைந்தும் பெரும்பாலான தாள்கள் அழிந்தன. வேலை முடிந்தபின் கருவியைக் காப்பானேன் என எண்ணினர் போலும்!

மரப்பலகை ஓவியங்களுக்கும் இத்தகைய தாள்கள் பயன்பட்டன. இலியனார்டோ டாவின்சி 8 தாள்களை ஒட்டி வரைந்த ஒன்று இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 142 செண்டிமீட்டர். மரியாள், அவர்தம் தாய் அன்னம்மாள், குழந்தை இயேசு, சிறுவன் யோவான் ஆகிய நால்வரும் அதில் நெருங்கி அமைந்துள்ளனர். முகங்களில் கரியின் நிழலும் வெண்சுண்ணத்தின் ஒளியும் புகைபோல் கலந்து குழைகின்றன. வானோக்கிச் சுட்டும் அன்னம்மாளின் கையோ வெறுங்கோடாக நின்றுவிட்டது. கோடுகளில் ஊசி பட்ட சுவடே இல்லை. பயன்படாமையே அதற்குக் காவலாயிற்று எனலாம்.

1962-இல் அதன் உரிமையாளரான இராயல் அகாதமி அதனை விற்க முற்பட்டது. அஃது அயல்நாடு சென்றுவிடுமோ என அஞ்சிய மக்கள் நன்கொடை திரட்டினர். அரசின் உதவியும் சேர, 8,00,000 பவுனுக்கு அது நாட்டுடைமையாயிற்று. 1987-இல் ஒருவன் அதனைத் துப்பாக்கியால் சுட்டான். முன்னிருந்த காப்புக் கண்ணாடி குண்டுகளைத் தடுத்தது. ஆயினும் சிதறிய சில்லுகள் மரியாளின் மார்பருகே தாளைக் கிழித்தன. வல்லுநர், உதிர்ந்த தாள் துணுக்குகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக உரிய இடத்தில் ஒட்டிச் செப்பனிட்டனர். அன்னம்மாளின் கையை எவரும் நிறைவு செய்யவில்லை.