உங்களுக்குத் தெரியுமா? மூடியைத் திறந்தால் படம் ஓடும்!

அன்பளிப்புப் பெட்டிக்குள் இன்று ஓடும் காணொளித் திரை, உலகின் கண்ணில் பட்டது ஒரு சஞ்சிகைத் தாளுக்குள்! 2009 செப்டெம்பரில் அமெரிக்காவின் 'என்டர்டெயின்மென்ட் வீக்லி' இதழில், சிபிஎஸ் தொலைக்காட்சியும் பெப்சியும் தந்த விளம்பரம் அது. நியூயோர்க், லொஸ் ஏஞ்சலிஸ் வாசகர் சிலருக்கே கிடைத்தது. தாளுக்குள் இருந்த சில்லு (chip) சுமார் 40 நிமிடப் படத்தைத் தாங்கக்கூடியது.

• அடுத்த ஆண்டு, செப்டெம்பர் 21 அன்று, இந்தியாவில் 'தி இந்து', 'டைம்ஸ் ஒஃப் இந்தியா' நாளிதழ்கள் பேசின. வோக்ஸ்வேகன் விளம்பரப் பக்கத்தில் ஒட்டிய சில்லு, வெளிச்சம் பட்டதும் குரல் கொடுத்தது.

• மூடி திறந்தது அன்பளிப்புப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? பல பெட்டிகளில் மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தம் ஒன்று இருக்கும். அது விலகியதும் உள்ளே இருக்கும் ஆளி திரையை எழுப்பும்.

• இவை எல்லாவற்றுக்கும் உயிர் பற்றரிதான். அதன் அருமை நமக்குத் தெரியும். 1990களில் இலங்கை அரசின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரவே அனுமதி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டது நம் சனம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்டார்கள்.

• வெளிநாட்டு உறவுகள் இப்படியொரு பெட்டி அனுப்பினால், அட்டைதானே என்று வளவுக் குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள். உள்ளே இருக்கும் லிதியம் பற்றரி நெருப்பில் வெடிக்கக்கூடும்.