மூச்சடைத்த பெற்றோல் தாங்கி

டின்பாலை ஊற்ற முனையும் இல்லத்தரசி டின்னின் மேற்புறத்தில் ஒரு துளையிட்டதோடு நின்றுவிடுவதில்லை. எதிர்ப்புறத்தில் இன்னொரு துளையும் இடுகிறாள். ஒரு துளையாற் பால் வெளியேற, மற்றத் துளையாற் காற்று உட்புகுகின்றது. இரண்டாவது துளை இல்லையெனில் பால் சிறிது வடிந்து நின்றுவிடும். மோட்டார் வண்டியின் பெற்றோல் தாங்கியும் இதே நியதிக்கு உட்பட்டது. வெளியேறும் ஒவ்வொரு துளி பெற்றோலுக்கும் ஈடாக அதே அளவு காற்று உள்ளே செல்லுதல் வேண்டும். தாங்கிக்கும் மூச்சு உண்டு. அது அடைபட்டால் வண்டி நின்றுவிடும்.

பழைய வண்டிகளில் இக்குறை அடிக்கடி தோன்றுவது. மொறிஸ் மைனர் ட்றவலரை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பின்புறத்தில் மரச்சட்டங்கள் தெரியும் அதன் ஸ்ரேஷன் வாகன் வகையான ட்றவலர், 1953 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்டது. இலங்கை வீதிகளுக்கும் மொறிஸ் மைனர் நெடுங்காலம் பழகிய வண்டி; இன்றும் அதைப் பேணி ஓட்டுவோர் உளர். இதன் தாங்கி வண்டியின் பின்தளத்தின் கீழே உள்ளது. எஞ்சின் அறையிலுள்ள மின்பம்பி அங்கிருந்து பெற்றோலை இழுத்துக் காபுரேற்றருக்கு அனுப்புகின்றது. தாங்கி மூச்சு விடுவதோ, அதன் மூடியிலுள்ள சிறு துளை வழியாகத்தான்.

அத்துளையைத் தூசியும் துருவும் அடைத்துவிட்டால் நிகழ்வது யாது? புறப்படும்போது வண்டி குறையின்றி ஓடும். சில மைல் சென்றதும் வேகம் தளரும். கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில், எஞ்சின் மிகுதியான பெற்றோலை வேண்டி நிற்கும் வேளையில், திணறி நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து முடுக்கினால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். நின்றிருந்த நேரத்தில் இடுக்குகளின் வழியே காற்று மெல்லக் கசிந்து உட்சென்றதே இதற்குக் காரணம். இதை அறியாதோர் பம்பியை மாற்றுவர், காபுரேற்றரைக் கழற்றுவர், கொயிலையும் புதிதாக வாங்குவர். பணம் செலவாகும், குறையோ அப்படியே இருக்கும்.

வெளிக்காற்றின் அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் ஆகும். தாங்கிக்குள் இவ்வமுக்கம் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே, 60 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு தகட்டின்மீது சுமார் 150 கிலோகிராம் பாரம் அழுத்தும். ஆட்கள் இருவர் அதன்மேல் ஏறி நிற்பதற்கு இது ஒப்பாகும். மெல்லிய தகடு உட்குழியவும் கூடும். மின்பம்பியின் காந்தமும் மென்தகட்டை முழுமையாக இழுக்க இயலாமல் இடைவழியில் நின்று சூடேறும். வழக்கமாகக் கேட்கும் 'டிக் டிக்' ஒலி தளர்ந்து ஓய்வது இதன் அறிகுறியாகும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்கு இதற்கு மாறான இடர் நேரும். வெப்பநிலை 15 பாகை உயர்ந்தால் 30 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் பெருக்கும். அதனுடன் ஆவியும் சேர்ந்து அமுக்கும். வழி அடைபட்டிருப்பின் இவ்வமுக்கம் பெற்றோலைப் பம்பியின் ஊடாகக் காபுரேற்றருக்குத் தள்ளி, சூடான எஞ்சின்மீது வழியச் செய்யலாம். விளிம்புவரை பெற்றோல் நிரப்புதல் தகாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஸ்ரேஷன் வாகனில் மேலும் ஒரு கவனம் தேவை. சாதாரணக் காரில் பொருட்பெட்டி தனியே அடைக்கப்பட்டிருக்கும். இதிலோ பொருள் வைக்கும் இடமும் ஆட்கள் அமரும் இடமும் ஒன்றே. தாங்கியின் இணைப்புகளிற் கசியும் ஆவி நேரே பயணிகளை அடையும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது; தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். ஆதலால் உள்ளே பெற்றோல் மணத்தால், அதைப் பழைய வண்டியின் இயல்பு என்று விட்டுவிடலாகாது.

குறையை அறியும் முறை எளிது. வண்டி திணறும்போதே அதைப் பாதுகாப்பாக நிறுத்தி, தாங்கியின் மூடியைத் தளர்த்துதல் வேண்டும். காற்று 'உஸ்' என்று உட்செல்ல, எஞ்சினும் உயிர்பெற்றால், குற்றவாளி அம்மூடியே. அதைக் கழற்றி எடுத்துச் சென்று மண்ணெண்ணெயிற் கழுவி, துளையை மெல்லிய கம்பியாற் சுத்தஞ் செய்து உலர்த்திப் பூட்டலாம். தாங்கிக்குள் பார்க்கத் தீக்குச்சி கொளுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். மூடியைத் தளர்வாக விட்டோ, கந்தைத் துணி செருகியோ ஓட்டுவதும் அத்தகையதே. மூடியில் ஆணியடித்துப் பெருந்துளை இட்டால், மழைநீர் உள்ளே போகும். வளைவுகளிற் பெற்றோல் வெளியே சிந்தும்.

புதிய மூடி வாங்குவோரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பெற்றோல் ஆவி காற்றை மாசுபடுத்துவதைத் தடுக்க, 1970 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலும் 1971 இல் அமெரிக்கா முழுவதிலும் புதிய கார்களுக்கு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் தாங்கியின் ஆவி கரி நிறைந்த ஒரு கலத்தினுட் செலுத்தப்பட்டது. மூடியின் திறந்த துளையும் மறைந்தது. இத்தகைய மூடி பழைய வண்டிக்கு அளவிற் சரியாகப் பொருந்தக்கூடும். ஆனால் வேறு வழி இல்லாத அதன் தாங்கி மூச்சடைத்துப் போகும். மூடி பொருந்தினால் மட்டும் போதாது. அது காற்றை உள்ளே விடுகிறதா என்பதையும் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

பழைய வண்டி வழியில் நின்றால், எஞ்சினைக் கழற்றுமுன் மூடியைத் திறந்து பார்ப்பதே அறிவுடைமை. அதற்கு ஒரு நிமிடமே செல்லும், செலவு எதுவுமில்லை.